தாழ்ப்பாளின் கடைசிச் சுற்று

கையை எடுங்கள். நுனி சூடாக இருக்கும்.

இப்போதுதான் மேலேயிருந்து கொண்டுவந்து வைத்தேன். குளியலறைக் கதவுக்குக் கீல் மாற்றினேன். ஸ்க்ரூ மரத்துக்குள் இறங்க இறங்க இந்த முனை சூடேறிவிடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண இரும்பு மாதிரித்தான் இருக்கும். தொட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கோபமாகச் சொல்லவில்லை. என் குரலே அப்படி. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். இது ஆடாது. நானே முடுக்கியது. சாரல் நின்றதும் அறையைப் பார்க்கலாம். மாடிப்படி வெளியில் இருக்கிறது, இப்போது ஏறினால் நனைந்துவிடுவீர்கள். வங்கியில் வேலை, தென்காசியிலிருந்து மாற்றல் என்று போனில் சொன்னீர்கள். குரலை வைத்தே நினைத்தேன், ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும் என்று. இந்த ஹாஸ்டலில் இருப்பதெல்லாம் சின்னப் பெண்கள். அவர்களிடம் என்ன பேசுவது? எப்போதும் காதில் ஒன்றை மாட்டியிருப்பார்கள். நாம் பேசி முடித்த பிறகு அதைக் கழற்றிவிட்டு, "என்னக்கா?" என்பார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல நமக்கு மனசு வராது. "ஒண்ணுமில்ல கண்ணு, போ" என்றுவிடுவேன். நான் குறை சொல்லவில்லை.

இது என்னவென்று கேட்டீர்கள். பேட்டரி ஸ்க்ரூடிரைவர். கரண்டு ஒயர் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். ஹாஸ்டல் காசில் வாங்கியதில்லை, என்னுடையது. இதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஓனரம்மாவின் மகன் ஒருமுறை கேட்டார், வீட்டில் டிவி மாட்ட வேண்டும் என்று. "நானே வந்து மாட்டித் தர்றேனுங்க" என்றேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பணக்காரர்கள், ஆள் வைத்து மாட்டியிருப்பார்கள்.

பக்கத்தில் வந்து பாருங்கள். விரலால் இழுக்கிற இந்த விசைக்கு மேலே ஒரு பொத்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் தள்ளினால் முடுக்கும். அந்தப் பக்கம் தள்ளினால் கழற்றும். நடுவில் வைத்தால் இரண்டும் இல்லை. விசையை எவ்வளவு அழுத்தினாலும் சுற்றாது. வேலை இல்லாத நேரத்தில் இது நடுவில்தான் இருக்க வேண்டும். பைக்குள் கிடக்கும்போது தானாக அழுந்திச் சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும்? யாராவது விளையாட்டாக எடுத்து அழுத்தினால்? அதற்காகத்தான். இதுதான் முதல் பாடம். மதிவதனிக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

மதிவதனி பன்னிரண்டாம் அறையில் இருந்தவள். உங்களுக்குக் கொடுக்கப்போகும் அறை. சொல்கிறேன்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஒரு ஆசாரி வந்துகொண்டிருந்தார், பொன்னுச்சாமி என்று. பெண்கள் ஹாஸ்டலில் ஆம்பளை மாடி ஏறினால் என்ன முறை தெரியுமா? நீங்கள் ஹாஸ்டலில் இருந்ததே இல்லையா? வார்டன், அதாவது நான், முன்னால் போக வேண்டும். படி ஏறும்போதே கூவ வேண்டும். "ஆள் வருது, ஆள் வருது!" உடனே கதவெல்லாம் தடதடவென்று மூடும். கொடியில் காய்கிற துணி உள்ளே போகும். ஆசாரி தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் கூவியது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பெண் பாவாடையை மார்புக்குமேல் கட்டிக்கொண்டு தலைக்கு எண்ணெய் வைத்தபடி வராந்தாவில் நின்றிருந்தாள். அலறல் கேட்டது. அவள் அலறவில்லை. ஆசாரிதான். பையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினார். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும், "அம்மணி, வேற ஆளப் பாத்துக்குங்க, எனக்கு ரத்தக்கொதிப்பு" என்பார்.

வேறு ஆளுக்கு எங்கே போவது? அப்போதுதான் இதை வாங்கினேன். கடைக்காரர் இரண்டு நிமிடம் காட்டினார். மீதியை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். இதன் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறதே, எண் போட்டு, அது எதற்கென்று முதலில் தெரியவில்லை. கடைசி எண்ணில் வைத்து ஒரு அலமாரிக் கதவில் அழுத்தினேன். ஸ்க்ரூ உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பலகை பிளந்துவிட்டது. அதற்கு எப்போது போதும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சின்ன எண்ணில் வைத்தால், இறுக்கம் போதும் என்றதும் டக் டக் டக் என்று சத்தம் கொடுத்து நின்றுவிடும். மேற்கொண்டு போகாது. முதலில் சின்ன எண். போதாவிட்டால் ஒன்று கூட்டலாம். எடுத்த எடுப்பில் பெரிய எண்ணில் வைப்பவர்களுக்கு ஒன்றும் நிலைக்காது.

அந்த வருடம் ஆடியில் நல்ல சாரல். மரமெல்லாம் உப்பிக்கொண்டது. கதவுகள் நிலையில் உரசும், அலமாரி மூடாது. சாயங்காலமானால் என் அறைக் கதவைத் தட்டுவார்கள். "அக்கா, கப்போர்டு தொங்குதுக்கா." "அக்கா, கண்ணாடி சாயுதுக்கா, மூஞ்சி கோணலாத் தெரியுது." "அது உன் மூஞ்சிடி" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு முன்பு என் கதவை யாரும் தட்டியதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மாசப் பணம் போனிலேயே வந்துவிடுகிறது. சாப்பாடு மெஸ்ஸில். அவர்களுக்கு என்னிடம் என்ன வேலை?

ஸ்க்ரூ அக்கா என்று பேர் வைத்தார்கள். என் எதிரில் சொல்வதில்லை. மேல் வராந்தாவில் பேசினால் கீழே எல்லாம் கேட்கும். "மெதுவாப் பேசுடி, ஸ்க்ரூ அக்கா வந்துரும்." பிரியம் இருந்தால்தானே பேர் வைப்பார்கள்.

ஆனால் ஒன்று. நன்றாகச் செய்துவிட்டால் அந்த வேலை மறுபடி வராது. புரட்டாசிக்குள் எல்லா அறையும் சரியாகிவிட்டது. ஒரு கதவும் உரசவில்லை, ஒரு கைப்பிடியும் ஆடவில்லை. சாயங்காலம் இந்த மேஜையில் இதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேட்டரி முழுக்க சார்ஜ் ஏறிப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பச்சை வந்த பிறகும் சார்ஜரில் விட்டுவைக்கக் கூடாது, பேட்டரி கெட்டுவிடும். அதைக் கழற்றி வைத்துவிட்டு டிவியைப் போடுவேன். அவர்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு இந்த வாசல் வழியாகப் போவார்கள், வருவார்கள். "சாப்ட்டீங்களாக்கா?" என்பார்கள். பதிலைக் கேட்க நிற்கமாட்டார்கள்.

எனக்கு யாருமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி பல்லடத்தில் இருக்கிறான். ஒவ்வொரு தீபாவளிக்கும் கூப்பிடுவான். ஹாஸ்டலை விட்டுவிட்டு எப்படிப் போவது? தீபாவளிக்கு இங்கே ஒருத்தியும் இருக்கமாட்டாள் என்பது வேறு.

அந்தத் தீபாவளியில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கட்டடம் முழுக்கக் காலி. நான் மட்டும். மேலே போய் ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன். எல்லாம் முடுக்கியபடியே இருந்தன. அப்படியே விடலாமா? வண்டியை சர்வீஸ் விடுவதில்லையா? ஓடுகிற வண்டியைத்தானே சர்வீஸ் விடுகிறோம், நின்றுபோன பிறகா விடுகிறோம்? கதவும் அப்படித்தான். தாழ்ப்பாளைக் கழற்றி, துரு இருக்கிறதா என்று பார்த்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, திரும்ப மாட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்குமேல் ஒருத்தியும் இருக்கமாட்டாள். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கு இரண்டு மூன்று அறை.

இப்படித்தான் செய்வேன். முதலில் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்ள வேண்டும். தலைமுடியைக் கொண்டை போட வேண்டும். சுற்றுகிற பொருளுக்கு முடி, துணி என்று பேதம் தெரியாது. கண்ணில் தூள் தெறிக்காமலிருக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பொத்தானைக் கழற்றும் பக்கம் தள்ளி, நுனியை ஸ்க்ரூவின் தலையில் நேராக வைத்து, உள்ளங்கையால் பின்னாலிருந்து அழுத்தியபடி மெதுவாக விசையை இழுக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். தலை போன ஸ்க்ரூவை முடுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. கடைசிவரை அப்படியே கிடக்கும். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்பப் பொருத்துவேன். பொருத்தும்போது மிஷினால் இல்லை. விரலால். விரலால் எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவுதான். கடைசிச் சுற்றைப் போடமாட்டேன்.

ஏனென்று கேளுங்கள். கடைசிச் சுற்றை அறையில் இருப்பவள் எதிரில்தான் போட வேண்டும். அந்த டக் டக் டக் சத்தத்தை அவள் காதால் கேட்க வேண்டும். அப்போதுதான் உறுதியாக இருக்கிறது என்று நம்பித் தூங்குவாள். நான் ஆளில்லாத நேரத்தில் முடுக்கிவிட்டு வந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? இது என் முறை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சாயங்காலம் வருவார்கள். தாழ்ப்பாளைத் தொட்டதும் ஆடும். வந்து தட்டுவார்கள். "அக்கா, தாழ்ப்பாள் லூசா இருக்குக்கா." நான் தயாராக இருப்பேன். மேலே போய்க் கடைசிச் சுற்றைப் போட்டுவிட்டு, "சத்தம் கேட்டியா?" என்பேன். "கேட்டுச்சுக்கா." அவ்வளவுதான். சில பேர் உட்காரச் சொல்வார்கள். ஒருத்தி ஊரிலிருந்து வந்த முறுக்குக் கொடுத்தாள். ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை நன்றாக இருக்கும்.

மதிவதனி தை மாதம் வந்தாள். கம்பம் பக்கம். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மெலிந்த பெண், பெரிய கண். அவளோடு தங்கியிருந்தவள் வேலை மாறிப் போய்விட்டாள், அதனால் பன்னிரண்டில் அவள் மட்டும். கொஞ்சம் பயந்த சுபாவம். அவளுடைய தாழ்ப்பாள் லூசாகிற அன்றைக்கு உடனே ஓடிவந்துவிடுவாள். மற்றவர்கள் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அவள் அப்படியில்லை. என்னோடு மேலே வந்து, போனில் விளக்கைப் போட்டுப் பிடிப்பாள். கை நடுங்காமல் பிடிப்பாள். ஊசி குத்துகிற கை இல்லையா? எங்கே பார்க்கிறேனோ அங்கே வெளிச்சம் வரும். அந்த மாதிரி விளக்குப் பிடிக்க எல்லோருக்கும் வராது.

அதனால் பன்னிரண்டாம் அறைக்கு அடிக்கடி சர்வீஸ் செய்தேன். மற்ற அறைக்கு எப்போதாவது, அவளுக்கு ஒவ்வொரு செவ்வாயும். தனியாக இருக்கிற பெண், கவனம் கூடுதலாக வேண்டும்தானே.

ஒருநாள் கேட்டாள். "அக்கா, மத்தவங்களுக்கு எப்பவாச்சும்தான் லூசாகுது. எனக்கு மட்டும் ஏன்க்கா வாராவாரம்?"

"மரம் பழசு கண்ணு" என்றேன். பழைய மரம்தான்.

"புதுத் தாழ்ப்பாள் வாங்கிட்டு வரட்டாக்கா?"

"தாழ்ப்பாள்ல ஒண்ணுமில்ல. நல்ல தாழ்ப்பாள்."

பிறகு அவள், "இத நான் கத்துக்கிறேன்க்கா. உங்களை எதுக்கு வாராவாரம் சிரமப்படுத்தணும்?" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. கூடவே, சிரமம் என்கிறாளே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. மறுநாளே கடைக்குப் போய் அவளுக்கென்று ஒரு கண்ணாடி வாங்கினேன். முகம் சின்னது, அதனால் சின்ன அளவு. சிவப்புக் கயிறு கட்டினேன்.

வேலை முடிந்து வந்ததும் இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்வாள். ஒரு நாளைக்கு ஒரு பாடம். முதல் நாள் பொத்தான். இரண்டாம் நாள், நுனியை மாற்றும் முன்பு பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்பது. பிறகு, எந்தத் தலைக்கு எந்த நுனி. சின்ன நுனியைப் பெரிய தலையில் வைக்கக் கூடாது. பிறகு, சின்னப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ போடக் கூடாது, வழுக்கினால் உள்ளங்கைக்குள் போகும், மேஜையோடு சேர்த்து இறுக்கிவிட்டுத்தான் போட வேண்டும். பிறகு, கெட்டியான மரமென்றால் முதலில் சின்னத் துளை. நடுவில் டீ போடுவேன். சில நாள் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும், அப்போது முந்தைய பாடத்தைத் திரும்பச் சொல்வேன்.

எல்லாவற்றையும் ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். "கொண்டை போடு, துப்பட்டாவக் கழட்டு, கண்ணாடி மாட்டு, பேட்டரி எடுத்துட்டு நுனி மாத்து, நேராப் பிடி, மெதுவா அழுத்து, சத்தம் வந்தா நிறுத்து, நடுவுல வை." ராகம் போட்டுச் சொல்வாள். வாசலில் போகிற பெண்கள் சேர்ந்துகொண்டு, "நடுவுல வை, நடுவுல வை" என்று கை தட்டுவார்கள். அவளும் சிரிப்பாள்.

"நான் ஒரே ஒரு தடவ அழுத்திப் பாக்கட்டுமாக்கா?" என்பாள்.

"இன்னும் பாடம் முடியலயே கண்ணு" என்பேன்.

அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கையில் குத்திக்கொண்டால் அவள் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? பங்குனி வரைக்கும் பாடம் போனது. கடைசியில் அவளே கேட்பதை விட்டுவிட்டாள். அடிக்கடி வருவதும் குறைந்தது. வேலை அதிகம் என்றாள். இருக்கும்.

பிறகுதான் தெரிந்தது, அவள் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள் என்று. நாற்காலிமேல் சோறு தின்கிற எவர்சில்வர் தட்டு, அதன்மேல் தம்ளர். கதவு அசைந்தால் விழுந்து சத்தம் வருவதற்காம். பெருக்குகிற ராக்கம்மா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. ஏன் கூப்பிடவில்லை? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுக்க நான் இங்கேதானே உட்கார்ந்திருந்தேன்? அந்த வாரம் தட்டவில்லை. அடுத்த வாரமும் தட்டவில்லை. ஆளெதிரில் போட வேண்டிய சுற்றை நானாகப் போய்ப் போட முடியுமா? அது முறையில்லை. அதனால் அப்படியே இருந்தது.

சித்திரையில் ஒரு சாயங்காலம், கோடை மழைக் காற்று. மேலே படாரென்று ஒரு சத்தம், பின்னாலேயே அலறல். ஓடினேன். பன்னிரண்டாம் அறைக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. தட்டும் தம்ளரும் வராந்தா வரைக்கும் உருண்டு வந்திருக்கின்றன. மதிவதனி கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். உடை மாற்றுவதற்காகத் தாழ் போட்டிருக்கிறாள். காற்று தள்ளியதும் தாழ்ப்பாள் அப்படியே கழன்று விழுந்துவிட்டது. ஸ்க்ரூவெல்லாம் தரையில். போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான்தான் ஸ்க்ரூவைப் பொறுக்கினேன். ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருத்தி தன் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தாள். "ஏய், எனக்கும் லூசா இருக்குடி!" இன்னொருத்தி, "எனக்கும்." ஒவ்வொருத்தியும் ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரோ பகலில் அறைக்குள் வருகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. "தண்ணி கேன் போடுறவனா இருக்கும்." "ஓனரம்மா பையனா இருக்கும்டி." பேய் என்று ஒருத்தி. பேய்க்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று இன்னொருத்தி. கேட்டில் இருக்கிற கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். நானே உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் பார்த்தேன். சொன்னேன், "வெளிய இருந்து யாருமே உள்ள வரல. நான் பாத்துட்டேன்." உண்மையைத்தானே சொன்னேன்? பயப்படாதீர்கள் என்றேன். யாரும் பயத்தை விடவில்லை. என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

சர்வீஸ் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? அந்தக் கூச்சலில் எப்படிச் சொல்வது? எண்ணெய் போடுவது, துரு பார்ப்பது, இதெல்லாம் நிதானமாகக் கேட்க வேண்டிய விஷயம். உங்களிடம் சொல்ல முடிகிறது. நீங்கள் நிதானமானவர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வந்தார். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். நல்ல கனத்த குரல். கேட்டுக்குள் நுழையும்போதே, "யாரு இங்க வார்டனு?" என்றார். இதே மேஜைக்கு எதிரில் நின்றார். மதிவதனி பெட்டியைக் கட்டி இறக்கிவிட்டுப் பின்னால் வந்து நின்றாள்.

"பொம்பளப் பிள்ளைய உங்கள நம்பித்தானக்கா விட்டுருக்கோம்? ஒரு தாப்பாவ ஒழுங்கா வச்சுருக்க முடியல, எதுக்கு இம்புட்டுப் பெரிய கட்டடம்?"

"அவ எனக்கும் மக மாதிரிதானுங்க" என்றேன்.

"மக மாதிரின்னா? பிள்ள ராவெல்லாம் தூங்காம போன் போடுது. கண்ணப் பாருங்க, குழி விழுந்து கெடக்கு. எங்கிட்டுப் போயிருந்தீக நீங்க?"

"நான் எங்கயும் போகலீங்க. இங்கயேதான் இருந்தேன்."

நான் நல்ல விதமாகத்தான் பேசினேன். வாராவாரம் வந்து முடுக்கிக் கொடுத்ததைச் சொன்னேன். பாடம் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "எத வச்சு முடுக்குனீக? இத வச்சா?" என்று அவர் இதை எடுத்துவிட்டார். நீங்கள் எடுக்கப்போனீர்களே, அதே மாதிரி. வேண்டாமுங்க என்று நான் கை நீட்டுவதற்குள் விசையை அழுத்திவிட்டார். சுற்றியது. அந்த அம்மா பயந்து கையை உதறினார். பிறகு மறுபடி அழுத்தி, நுனியை உற்றுப் பார்த்தார். தோட்டத்தில் மருந்தடிக்கிற மிஷினெல்லாம் பழகியிருப்பார் போலிருக்கிறது.

"இது என்ன, எடப்பக்கமால்ல சுத்துது? கழட்டுறதுக்கில்ல இப்புடிச் சுத்தும்?"

செவ்வாய்க்கிழமை சர்வீஸ் செய்துவிட்டு அப்படியே வைத்திருந்தேன். மாட்டுவது விரலால்தானே, அதன் பிறகு கடைசிச் சுற்றுக்கும் யாரும் கூப்பிடவில்லை, அதனால் பொத்தானைத் திருப்ப வேண்டிய வேலை வரவில்லை. அதை விளக்கமாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். மதிவதனி என்னைப் பார்த்தாள். அம்மா கையில் இருந்த இதைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழுகிற முகம் இல்லை, கோபமும் இல்லை. விளக்குப் பிடிக்கும்போது ஸ்க்ரூவைப் பார்ப்பாளே, அப்படி.

அம்மா கையிலிருந்து வாங்கினாள். கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளினாள். மேஜைமேல் வைத்தாள்.

"நடுவுல வைக்கலயேக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பாருங்கள், எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கலவரத்திலும் பாடத்தை மறக்கவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "வாம்மா, போவம்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டாள். "என்னத்தா, பேசிட்டிருக்கேன்ல" என்றார் அந்த அம்மா. "போதும், வாம்மா." ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியைக் கொடுக்கலாம் என்று டிராயரைத் திறந்து தேடினேன். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.

போன் செய்து பார்த்தேன். மணி போகும். ஒருமுறை எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. "பாடம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு கண்ணு, வெயில்ல வச்ச பேட்டரிய உடனே சார்ஜ் போடக் கூடாது" என்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு வைத்துவிட்டாள். இப்போது அந்த எண் போவதில்லை. மாற்றியிருப்பாள். இந்தக் காலத்தில் எல்லோரும் எண்ணை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அவள் போன பிறகு இன்னும் சில பேர் காலி செய்துகொண்டு போனார்கள். பக்கத்துத் தெருவில் ஏசி போட்டு ஒரு ஹாஸ்டல் வந்திருக்கிறது, அதனால்தான். ஓனரம்மா புதிதாக ஆள் சேர்ந்தால்தான் நடத்த முடியும் என்கிறார். இல்லையென்றால் மூடிவிட்டு வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுவார்களாம். நான் எங்கே போவேன் என்று அவர் கேட்கவில்லை. தம்பி இருக்கிறான் என்று நினைத்திருப்பார். தம்பி இருக்கிறான்.

ஏன் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டீர்கள்? அங்கே தண்ணீர் அடிக்காதே. ஓடெல்லாம் போன வருடம் மாற்றியது.

நீங்கள் வருவதாகச் சொன்னதும் நேற்றே பன்னிரண்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். பித்தளை. கனமானது. துளை போட்டு, நேராகப் பிடித்து, எல்லா ஸ்க்ரூவும் இறக்கிவிட்டேன். கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. நீங்கள் வந்த பிறகு உங்கள் எதிரில் போடலாம் என்று வைத்திருந்தேன். சாயங்காலம் போட்டுவிட்டு, அப்படியே டீ குடிக்கலாம் என்று பால்கூட கூடுதலாக வாங்கினேன்.

வாசலையே பார்க்கிறீர்கள். யோசிக்கிறீர்கள். யோசியுங்கள். பெரிய முடிவு. ஊர் விட்டு ஊர் வந்து, தெரியாத இடத்தில் ராத்திரி கண்ணை மூடுவதென்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

சாரல் நின்றுவிட்டது. கேட்கிறதா, சொட்டுதான். போய்ப் பாருங்கள். இந்தச் சாவி கதவுக்கு. இது மாற்றுச் சாவி, இதையும் வைத்துக்கொள்ளுங்கள். படி ஏறியதும் வலது பக்கம், மூலை அறை. நான் வரவில்லை. முழங்கால் ஏறவிடாது. இப்போதுதான் ஏறி இறங்கினேன், அது வேறு. உள்ளே போய் முதலில் கதவைச் சாத்துங்கள். ஜன்னலிலிருந்து நல்ல காற்று வரும். தூரத்தில் மலைகூடத் தெரியும், மேகம் இல்லாவிட்டால்.

கண்ணாடி இந்தாருங்கள், சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது பாருங்கள். உங்களுக்கும் சின்ன முகம்தான். கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். முடுக்கும் பக்கம் என்றால் இந்தப் பக்கம். கடைசிச் சுற்றை நீங்களே போடுங்கள், சத்தம் வந்ததும் விட்டுவிடுங்கள்.

பிடியுங்கள், இரண்டு கையாலும். நுனி ஆறிவிட்டது.